அமுக்கப்பட்ட காற்றும் கை செய்த வேலையும்

துவிச்சக்கர வண்டியின் சில்லுக்குக் காற்றடித்து முடித்த சிறுவன் ஒருவன், பம்பியின் அடிப்புறத்தைத் தற்செயலாகத் தொட்டுவிட்டுக் கையை வெடுக்கென இழுத்துக்கொள்கிறான். உலோகம் சுடுகிறது. அங்கே அடுப்பு இல்லை, நெருப்பு இல்லை, வண்டி நின்றதோ மர நிழலில். ஆயின் இந்தச் சூடு எங்கிருந்து வந்தது? வானொலி நேயர்களுள் வண்டிக்குக் காற்றடித்த எவரும் இதனை அறிவர். நின்று வினவியவர் சிலரே. அவ்வினாவுக்கு விடை காணும் பொருட்டு ஐரோப்பாவிலே அறிஞர் பலர் ஒரு நூற்றாண்டின் பெரும்பகுதியைச் செலவிட்டனர். அவ்விடையைக் கண்டவருள் ஒருவர் அதன் காரணமாகவே பெருந் துன்பமும் உற்றார்.

முதலில் தோன்றும் விடை, உராய்வு என்பது. பம்பியின் உள்ளே தோல் பொருத்திய முசலம் மேலும் கீழும் உரசிச் செல்கின்றது. உள்ளங்கைகளைத் தேய்த்தாற் சூடேறுவதுபோல அதுவும் சூடேறுகின்றது என்று கூறிவிடலாம். இதனைச் சோதித்துப் பார்ப்பது எளிது. பம்பியின் குழாயைச் சில்லிலிருந்து கழற்றி, வாயைத் திறந்துவிட்டு, முன்போலவே ஐம்பது முறை அடித்துப் பார்க்கட்டும். உராய்வு அப்போதும் உண்டு. ஆனால் முன்னிருந்த சூட்டில் மிகச் சிறு பகுதியே தோன்றும். அன்றியும், உராய்வே காரணமாயின் முசலம் ஓடும் குழல் முழுவதும் ஒருபடியாகச் சூடேறல் வேண்டும். பம்பியோ காற்று நெருக்குண்ணும் அடிப்புறத்திலேயே மிகுதியாகச் சுடுகின்றது. ஆகவே சூட்டின் பெரும்பகுதி உராய்வினால் வந்ததன்று. நெருக்குண்ட காற்றிலிருந்தே வந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த அறிஞருக்கும் இது தெரிந்திருந்தது. அவர்கள் அதற்கு ஒரு விளக்கமும் வைத்திருந்தனர். வெப்பம் என்பது கண்ணுக்குப் புலப்படாத, எடையற்ற ஒரு பாய்பொருள் என்றும், அது எல்லாப் பொருள்களின் உள்ளும் ஊறிக்கிடக்கின்றது என்றும் அவருட் பலர் நம்பினர். அப்பொருளைக் ‘கலோரிக்’ என்று அழைத்தனர். தேங்காய்ப் பூவைப் பிழிந்தாற் பால் வெளிவருவதுபோல, காற்றை நெருக்கினால் அதனுள் ஒளிந்திருந்த கலோரிக் வெளிவருகின்றது; காற்றை விரியவிட்டால் மீண்டும் உள்ளே உறிஞ்சப்படுகின்றது; அதனாலேதான் விரியும் காற்றுக் குளிர்கின்றது என்பது அவர் கொள்கை. கேட்பதற்கு இது பொருத்தமாகவே உள்ளது. ஆயினும் இக்கொள்கையில், பம்பியை அழுத்தியவனின் உழைப்புக்கு இடமே இல்லை. அவன் செய்த வேலை என்னவாயிற்று என்ற வினாவை அது கேட்கவேயில்லை.

அவ்வினாவைக் கேட்டவர் பௌதிகப் பேராசிரியர் அல்லர், ஒரு வைத்தியர். யூலியஸ் றொபேட் மேயர் என்பது அவர் பெயர். ஜெர்மனியிலுள்ள ஹைல்புரோன் நகரில், மருந்து வணிகர் ஒருவரின் மகனாக 1814ஆம் ஆண்டு பிறந்தவர். 1840ஆம் ஆண்டு ஒல்லாந்தக் கப்பலொன்றில் வைத்தியராகப் பணிபூண்டு யாவாத் தீவுக்குச் சென்றார். அங்கே, நோயுற்ற மாலுமிகளின் நாளத்திலிருந்து குருதி எடுத்தபோது, அது குளிர்நாட்டிற் காண்பதிலும் பார்க்கச் செக்கச் சிவந்திருப்பதைக் கண்டார். வெப்பநாட்டில் உடலின் சூட்டைக் காப்பதற்கு உடல் எரிக்கவேண்டிய உணவு குறைவு. ஆதலால் குருதியில் ஒட்சிசன் மிகுதியாக எஞ்சுகின்றது என்று அவர் கருதினார். அங்கிருந்து அவர் எண்ணம் மேலும் சென்றது. மனிதன் உண்ணும் உணவு உடற்சூடாக மட்டும் மாறுவதில்லை. அவன் தூக்கும் சுமையாகவும், இழுக்கும் கயிறாகவும் மாறுகின்றது. ஆகவே வெப்பமும் வேலையும் ஒன்றாக மற்றொன்று மாறக்கூடிய இரு வடிவங்களாக இருத்தல் வேண்டும். அவ்வாறாயின், இவ்வளவு வேலைக்கு இவ்வளவு வெப்பம் என்ற நிலையான மாற்றுவிகிதம் ஒன்றும் இருத்தல் வேண்டும்.

அவ்விகிதத்தைக் காண மேயர் காற்றையே துணைக்கொண்டார். காற்றைச் சூடேற்ற இருவழி உண்டு. மூடிய கலத்தில், கனவளவு மாறாது வைத்துச் சூடேற்றலாம்; அல்லது முசலத்தின் கீழ் வைத்து, அது விரிந்து முசலத்தை மேலே தள்ளுமாறு சூடேற்றலாம். இன்றைய கணக்கின்படி ஒரு கிலோகிராம் காற்றின் வெப்பநிலையை ஒரு சென்ரிகிறேட்டுப் பாகை உயர்த்த முதல் வழியில் ஏறத்தாழ 718 யூல் வெப்பம் போதும்; இரண்டாம் வழியில் ஏறத்தாழ 1005 யூல் வேண்டும். ஒரே காற்று, ஒரே வெப்பநிலை உயர்வு. எனினும் 287 யூல் மிகுதியாகச் செலவாகின்றது. அம்மிகுதி எங்கே போயிற்று? விரியும் காற்று, தன்மேல் அழுந்தும் வளிமண்டலத்தைத் தள்ளி உயர்த்திற்று. அந்த வேலையாகவே அவ்வெப்பம் மாறியது என்றார் மேயர். இந்த வேறுபாட்டைக்கொண்டு அவர் மாற்றுவிகிதத்தைக் கணித்தார். ஓர் எடை ஏறத்தாழ 365 மீற்றர் உயரத்திலிருந்து விழும்போது செய்யும் வேலை, அதே எடையுள்ள நீரின் வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்தும் என்று 1842ஆம் ஆண்டு வெளியான கட்டுரையில் எழுதினார். சரியான எண் ஏறத்தாழ 427 மீற்றர். மேயரின் வழி தவறன்று. காற்றின் தன்வெப்பம் பற்றி அக்காலத்திற் கிடைத்த அளவுகளே பிழையாயிருந்தன.

ஆனால் இக்கணக்கில் ஓர் ஐயம் உண்டு. வெப்பத்தின் அம்மிகுதி முழுவதும் வெளிவேலைக்கே சென்றது என்பதை எவ்வாறு அறிவது? காற்று விரிவதற்கே, அதன் உள்ளமைப்பு மாறுவதற்கே, ஒரு பகுதி வெப்பம் செலவாகியிருக்கலாமன்றோ? அப்படியாயின் மேயரின் கணக்கு சரிந்துவிடும். இவ்வையத்தைத் தீர்க்கவல்ல பரிசோதனை ஒன்றைப் பிரான்சு நாட்டு அறிஞர் கே-லூசாக் 1807ஆம் ஆண்டிலேயே செய்திருந்தார். மேயர் அதனைத் தமக்குச் சான்றாகக் காட்டினார். எனினும் அதனை ஐயந்திரிபற மீண்டும் செய்து காட்டியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் யூல் ஆவர்.

யூல், மான்செஸ்டருக்கு அண்மையிலுள்ள சால்பேட்டில் மது வடிப்பாலை ஒன்றின் உரிமையாளரின் மகனாக 1818ஆம் ஆண்டு பிறந்தவர். அவரும் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர். 1845ஆம் ஆண்டு வெளியான கட்டுரையில் அவர் இருவகைப் பரிசோதனைகளை விவரித்தார். முதலாவதில், உறுதியான செப்புக் கலமொன்றையும் பம்பியையும் நீரில் அமிழ்த்தி, 22 வளிமண்டல அமுக்கம் வரை காற்றை நெருக்கினார். நீரின் வெப்பநிலை எவ்வளவு உயர்ந்தது என்பதை மிக நுண்ணிய வெப்பமானியால் அளந்தார். பம்பியின் உராய்வால் எழுந்த வெப்பத்தைத் தனியே கண்டு கழித்தார். எஞ்சிய வெப்பத்தையும், காற்றை நெருக்கச் செலவான வேலையையும் ஒப்பிட்டார். நெருக்கிய காற்றைத் திறந்துவிட்டு, அது வளிமண்டலத்தைத் தள்ளும்போது நீர் குளிர்வதையும் அளந்தார். இவையெல்லாம் சேர்ந்து ஏறத்தாழ ஒரே விடையைத் தந்தன. ஓர் இறாத்தல் நீரை ஒரு பரனைற்றுப் பாகை சூடேற்றும் வெப்பம், ஏறத்தாழ 798 இறாத்தல் எடையை ஓரடி உயர்த்தும் வேலைக்குச் சமம் என்பதே அவ்விடை. இன்று ஏற்கப்படும் எண் 778. ஒரு தனிமனிதர் நீர்த்தொட்டியையும் வெப்பமானியையும் கொண்டு கண்ட விடை இவ்வளவு நெருங்கியிருப்பது வியப்புக்குரியது.

இரண்டாவது பரிசோதனையே ஐயத்தைத் தீர்த்தது. இரு செப்புக் கலங்களை ஒரு குழாயால் இணைத்து, ஒன்றில் 22 வளிமண்டல அமுக்கத்திற் காற்றை நிரப்பினார், மற்றதை வெறுமையாக்கினார். இரண்டையும் நீரில் அமிழ்த்தி, இடையிலிருந்த அடைப்பைத் திறந்தார். காற்றுப் பாய்ந்து சென்று இரு கலங்களிலும் பரவியது. அதன் கனவளவு இருமடங்காயிற்று. கலோரிக் கொள்கை உண்மையாயின், விரிந்த காற்று வெப்பத்தை உறிஞ்சி நீரைக் குளிரச் செய்திருத்தல் வேண்டும். நீரின் வெப்பநிலையில் மாற்றம் எதுவும் காணப்படவில்லை. காற்று விரிந்தது உண்மை. ஆனால் எதனையும் தள்ளவில்லை. வெறுமையைத் தள்ளுவதற்கு வேலை வேண்டியதில்லை. வேலை செய்யாமையால் அது குளிரவும் இல்லை. விரியும் காற்றுக் குளிர்வது இடம் பெருகுவதாலன்று, பிறிதொன்றைத் தள்ளுவதாலேயே என்பது இவ்வாறு நிலைநாட்டப்பட்டது. பிற்காலத்தில் யூலும் வில்லியம் தொம்சனும் மேலும் நுட்பமாக ஆராய்ந்து, மூலக்கூறுகள் ஒன்றையொன்று சிறிது கவர்வதால் மெய்யான வாயுக்களில் ஒரு சிறு மாற்றம் உண்டு எனக் கண்டனர். சாதாரண நிலையிலுள்ள காற்றுக்கு அது புறக்கணிக்கத்தக்க அளவினதே.

வேலை வெப்பமாக மாறுவது எவ்வாறு என்பதை அறியக் காற்றின் உள்ளே நோக்கல் வேண்டும். காற்று எண்ணற்ற மூலக்கூறுகளால் ஆனது. அவை சாதாரண வெப்பநிலையில் செக்கனுக்கு ஏறத்தாழ 500 மீற்றர் வேகத்தில் எல்லாத் திசையிலும் பாய்ந்து, கலத்தின் சுவரில் மோதித் திரும்புகின்றன. இவ்வியக்கங்களின் சக்தியெல்லாம் சேர்ந்ததே காற்றின் அகச்சக்தி. வெப்பநிலை என்பது அவ்வியக்கத்தின் அளவையே காட்டுகின்றது. இனி, கிரிக்கெற்று ஆட்டத்தை நினைவு கூரலாம். அசையாது பிடித்த துடுப்பிற் பட்ட பந்து, வந்த வேகத்திற்கு மிஞ்சாமலே திரும்பும். முன்னோக்கி வீசிய துடுப்பிற் பட்ட பந்து வந்ததிலும் மிகுந்த வேகத்துடன் பறக்கும். துடுப்பைப் பின்வாங்கினாலோ பந்து தன் வேகத்தை இழந்து தளர்ந்து விழும். பம்பியின் முசலம் உள்நோக்கி வரும்போது, அதில் மோதும் ஒவ்வொரு மூலக்கூறும் முன்வரும் துடுப்பில் மோதிய பந்தைப்போல வேகம் மிகுந்து திரும்புகின்றது. கையின் வேலை, மோதல் தோறும் சிறிது சிறிதாக மூலக்கூறுகளின் இயக்கமாக மாறுகின்றது. காற்றுச் சூடேறுகின்றது. சூடு காற்றினுள் ஒளிந்திருக்கவில்லை. கையே அதனை உள்ளே செலுத்தியது.

இதன் வரவு செலவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். 27 பாகை வெப்பநிலையிலும் சாதாரண வளிமண்டல அமுக்கத்திலும் ஒரு லீற்றர் காற்று, முசலம் பொருத்திய உருளையொன்றில் உள்ளது என்க. அதனை அரை லீற்றராக நெருக்கல் வேண்டும். இதனை இருவிதமாகச் செய்யலாம்.

முதலாவது, மிக மெதுவாக நெருக்குதல். உருளை நீரில் அமிழ்ந்திருக்கின்றது. தோன்றும் சூடு அவ்வப்போதே நீருக்குச் சென்றுவிடுகின்றது. காற்றின் வெப்பநிலை 27 பாகையிலேயே நிற்கின்றது. இது சமவெப்ப நெருக்கல் எனப்படும். கையும், முசலத்தின் மேல் அழுந்தும் வெளிக்காற்றும் சேர்ந்து செய்யும் வேலை ஏறத்தாழ 70 யூல். வெளியேறிய வெப்பமும் 70 யூல். வந்தது முழுவதும் சென்றுவிட்டது. அகச்சக்தியில் மாற்றம் இல்லை. முடிவில் அமுக்கம் இருமடங்கு.

இரண்டாவது, வெப்பம் வெளியேற நேரமின்றி விரைவாக நெருக்குதல். இது சேறலிலா நெருக்கல் எனப்படும். இப்போது காற்று சூடேறி எதிர்த்துத் தள்ளுவதால் வேலை சற்று மிகுதி. ஏறத்தாழ 81 யூல். அவ்வளவும் அகச்சக்தியாக உள்ளேயே தங்குகின்றது. வெப்பநிலை ஏறத்தாழ 123 பாகைக்கும், அமுக்கம் இரண்டரை மடங்கிற்குச் சற்று மேலும் உயர்கின்றன. பின்னர் முசலத்தை அசையாது பிடித்துக் காற்றை ஆறவிட்டால், அந்த 81 யூலும் வெப்பமாக வெளியேறுகின்றது. காற்று மீண்டும் 27 பாகைக்கு வருகின்றது; அமுக்கமும் சரியாக இருமடங்கில் வந்து நிற்கின்றது.

இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. இருவழியிலும் காற்று ஈற்றில் ஒரே நிலையை அடைந்தது. அகச்சக்தியும் ஒன்றே. ஆனால் ஒரு வழியில் 70 யூல் வேலை. மற்ற வழியில் 81 யூல். ஆகவே, ‘இக்காற்றில் எவ்வளவு வேலை உள்ளது, எவ்வளவு வெப்பம் உள்ளது?’ என வினவுவது பொருளற்றது. ஒரு குளத்திற்கு மழையாலும் நீர் வரும். வாய்க்காலாலும் நீர் வரும். வந்து சேர்ந்தபின், குளத்து நீரில் மழைநீர் எவ்வளவு, வாய்க்கால் நீர் எவ்வளவு எனப் பிரித்தறிய முடியாது. வேலையும் வெப்பமும் சக்தி வந்து போகும் வழிகள். உள்ளே இருப்பது அகச்சக்தி ஒன்றே. செய்யப்பட்ட வேலையிலிருந்து வெளியேறிய வெப்பத்தைக் கழித்தால் எஞ்சுவது அகச்சக்தியின் உயர்வு. 1850ஆம் ஆண்டு ஜெர்மானிய அறிஞர் றுடோல்ப் கிளவுசியஸ் இவ்வுண்மையைத் தெளிந்த கணித வடிவிற் கூறினார். வெப்ப இயக்கவியலின் முதலாம் விதி என இன்று மாணவர் கற்பது இதுவே.

விரைவான நெருக்கலின் ஆற்றலை மனிதன் அறிவியல் விதி தோன்றுமுன்பே பயன்படுத்தியிருந்தான். மேயர் சென்ற யாவா முதலிய தென்கிழக்காசியத் தீவுகளிலும் மலாயாவிலும் மக்கள் ஒரு சிறு கருவியால் தீ மூட்டினர். ஒரு முனை மூடிய சிறு குழலினுள், நுனியிற் பஞ்சு போன்ற எரிபொருள் வைத்த கோலைச் சடுதியாக அடித்து இறக்கினால், உள்ளே நெருக்குண்ட காற்றின் சூட்டினால் அது பற்றிக்கொள்ளும். ஜெர்மானியப் பொறியியலாளரான றுடோல்ப் டீசலின் எஞ்சின் 1897ஆம் ஆண்டு ஓக்ஸ்பேர்க் நகரில் வெற்றியுடன் இயங்கியபோது, அதன் அடிப்படையும் இதுவாகவே இருந்தது. 27 பாகையிலுள்ள காற்றை வெப்பம் வெளியேறாவண்ணம் பதினாறில் ஒரு பங்காக நெருக்கினால், கணக்கின்படி அதன் வெப்பநிலை 600 பாகையைக் கடக்கும். அதனுள் தெளிக்கப்பட்ட எண்ணெய், பொறி எதுவும் இன்றித் தானே பற்றி எரிகின்றது. மலைநாட்டுப் பாதையில் ஏறும் டீசல் லொறியின் ஒவ்வோர் உருளையிலும் இது செக்கனுக்குப் பலமுறை நிகழ்கின்றது.

உருளையும் முசலமும் இன்றியே இயற்கை இவ்வேலையைப் பெருமளவிற் செய்வதும் உண்டு. இலங்கையில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மட்டக்களப்புப் பகுதி மக்கள் கச்சான் காற்றின் வெம்மையை நன்கு அறிவர். அதே காலத்தில் மலைநாட்டின் மேற்குச் சரிவிலுள்ள கினிகத்தேனை, வட்டவளை முதலிய இடங்களிற் பெருமழை பெய்கின்றது. ஒரே காற்று மேற்கே குளிர் மழையாகவும் கிழக்கே அனலாகவும் இருப்பது எங்ஙனம்? ஈரக்காற்று மலைமேல் ஏறும்போது சுற்றியுள்ள அமுக்கம் குறைகின்றது. காற்று விரிந்து, சூழ்ந்துள்ள காற்றைத் தள்ளி வேலை செய்கின்றது. அவ்வேலைக்குத் தன் அகச்சக்தியைச் செலவிட்டுக் குளிர்கின்றது. நீராவி ஒடுங்கி மழையாகும்போது வெளிவரும் வெப்பம் அக்குளிர்ச்சியின் ஒரு பகுதியை ஈடுசெய்கின்றது. மழையை இழந்து உலர்ந்த காற்று கிழக்குச் சரிவில் இறங்கும்போது, மிகும் அமுக்கம் அதனை நெருக்குகின்றது. ஒவ்வொரு கிலோமீற்றர் இறக்கத்திற்கும் அதன் வெப்பநிலை ஏறத்தாழ 10 பாகை உயர்கின்றது. ஏறும்போது இழந்ததிலும் பார்க்க இறங்கும்போது பெறுவது மிகுதி. பம்பியின் அடியிற் சிறுவன் கண்ட சூடும், கச்சானின் வெம்மையும் ஒரே விதியின் விளைவுகளே.

இவ்விதிக்கு வழிகாட்டிய மேயரின் வாழ்க்கையோ எளிதாக அமையவில்லை. அவர் 1841ஆம் ஆண்டு அனுப்பிய முதற் கட்டுரையில் இயக்கவியற் பிழைகள் இருந்தன. அதனைப் பெற்ற ஆய்விதழ் வெளியிடவுமில்லை, மறுமொழி தரவுமில்லை. 1845ஆம் ஆண்டு தம் விரிவான நூலைத் தம் செலவிலேயே அச்சிட்டார். 1848ஆம் ஆண்டு பிள்ளைகள் இருவரை இழந்தார். இக்கண்டுபிடிப்பில் முதன்மை யாருக்கு என்ற வாதமும், தம் கருத்தைப் பிறர் இகழ்ந்தமையும் அவர் மனத்தை வருத்தின. 1850ஆம் ஆண்டு வீட்டுச் சன்னலிலிருந்து குதித்தார், உயிர் தப்பினார். பின்னர் மனநோய் இல்லங்களிலும் காலங் கழிக்க நேர்ந்தது. 1862ஆம் ஆண்டு இலண்டனில் ஜோன் டிண்டல் என்னும் அறிஞர் ஒரு பேருரையில் மேயரின் பணியை எடுத்துக்கூறி அவருக்குரிய இடத்தைக் கோரினார். யூலின் நண்பர் சிலர் இதனைக் கடுமையாக எதிர்த்தனர், டிண்டல் பின்வாங்கவில்லை. இறுதியில் இங்கிலாந்தின் இராயல் சங்கம் தன் உயர்ந்த விருதான கொப்ளி பதக்கத்தை 1870ஆம் ஆண்டு யூலுக்கும், 1871ஆம் ஆண்டு மேயருக்கும் வழங்கியது. 1878ஆம் ஆண்டு மேயர் பிறந்த ஊரிலேயே காலமானார்.

ஒருவர் கணக்கிட்டார், மற்றவர் அளந்தார். இருவரும் ஒருவரையொருவர் அறியாது ஒரே உண்மையை நோக்கி நடந்தவர்கள். பம்பியைத் தொட்டுக் கையை இழுத்த சிறுவனுக்கு இன்று விடை கூறுவது எளிது. அவன் காலையில் உண்ட உணவு அவன் கையின் வலுவாயிற்று. அவ்வலு முசலத்தைத் தள்ளிய வேலையாயிற்று. அவ்வேலை காற்றின் அகச்சக்தியாயிற்று. அதில் ஒரு பகுதி உலோகத்தின் வழியே வெப்பமாகி அவன் விரலையே வந்து சுட்டது.